கிணத்துல பவுடர் எவ்வளவு போடணும்? வாசகர் கேள்வி பதில்

மழை ஆரம்பிச்சா இந்தப் பகுதிக்கு வர்ற கடிதத்துல பாதி கிணத்து தண்ணியைப் பத்திதான் இருக்கும். இந்தத் தடவை வந்ததுல நிறைய பேர் கேட்டிருக்கிற கேள்வி ஒண்ணுதான், "எவ்வளவு பிளீச்சிங் பவுடர் போடணும்?" அதுக்கு பதில் சொல்றேன். ஆனா தண்ணி பரிசோதனை லேப்ல வேலை பாத்தவன்ங்கிற முறையில அதுக்கு முன்னாடி வேற ஒண்ணை கேக்காம விடமாட்டேன், கிருமி எந்த வழியா உள்ள வருதுன்னு பாத்தீங்களா?

கேள்வி: சார், 2023 டிசம்பர் வெள்ளத்துல எங்க கிணறு மூழ்கிப் போச்சு. தண்ணி வடிஞ்சதும் இறைச்சு பவுடர் போட்டோம், நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அதுக்கப்புறம் ஒவ்வொரு மழைக்கும் தண்ணி கலங்குது, பிள்ளைகளுக்கு வயித்தால போகுது. போன மாசம் டெஸ்ட்டுக்கு குடுத்தோம், ஈ.கோலை இருக்குன்னு வந்துருக்கு. ஒரு மூட்டை பிளீச்சிங் பவுடரை வாங்கி கொட்டிருவோம்னு வீட்டுக்காரங்க நிக்காங்க. கொட்டலாமா?
(வாசகி, ஏரல், தூத்துக்குடி மாவட்டம்)

பதில்: கொட்டாதீங்கம்மா, மூட்டையை அப்படியே வைக்கச் சொல்லுங்க, கணக்கு கீழ வருது.

காயல்பட்டினத்துல ஒரே நாள்ல கிட்டத்தட்ட 95 சென்டிமீட்டர் பேஞ்ச மழை அது, தாமிரபரணிக் கரை ஊர்ல எந்தக் கிணறுதான் தப்பிச்சுது. ஆனா அந்த வெள்ளத்துல வந்த கிருமி இன்னைக்கு வரைக்கும் உங்க கிணத்துல குடியிருக்கலை. ஈ.கோலைங்கிறது மனுஷன், மாடு, ஆடு, நாய் இதுங்க குடல்ல வாழுற பாக்டீரியா, வெளிய கிணத்து தண்ணில விட்டா நாளாக ஆக செத்துட்டே வரும். அதனால ரிப்போர்ட்ல ஈ.கோலைன்னு வந்தா சமீபத்துல மலம் கலந்த தண்ணி உள்ள வந்திருக்குன்னு அர்த்தம். "டோட்டல் கோலிஃபார்ம்" மட்டும் இருந்தா அது மண்ணுல, இலை தழைலகூட இருக்கிறதுதான், அதுவும் நல்லதில்லை, ஆனா அவ்வளவு பதற வேண்டாம். குடிதண்ணிக்கான இந்தியத் தரம் ஐ.எஸ் 10500, அதுல 100 மில்லி தண்ணில ரெண்டுமே இருக்கக்கூடாதுன்னுதான் இருக்கு.

மழை பேஞ்சா மட்டும் கலங்குதுன்னு நீங்க எழுதியிருக்கிறதுலயே விஷயம் இருக்கு. மேல்தண்ணி உள்ள இறங்குது. வெள்ளம் உறைக்குப் பின்னாடி இருந்த மண்ணை அரிச்சிட்டுப் போயிருக்கும், உறைக்கும் உறைக்கும் நடுவுல இருந்த சிமெண்ட் பூச்சு விட்டிருக்கும். அடுத்த தடவை நல்ல மழை பேஞ்சு ஓஞ்ச கையோட ஒரு டார்ச்சை எடுத்துட்டுப் போய் உள்சுவரை சுத்தி அடிச்சுப் பாருங்க, எந்த மூட்டுல இருந்து தண்ணி கசிஞ்சு கோடா இறங்குதோ அதுதான் வழி. பெரும்பாலும் மேல இருந்து 20 அடிக்குள்ளயே மாட்டும், அந்த 20 அடியை பூசி அடைச்சாலே முக்கால்வாசி பிரச்சனை போயிரும், ஏன்னா அதுக்குக் கீழ வர்ற தண்ணி அவ்வளவு மண்ணுல வடிகட்டித்தான் வருது. வெளிய கிணத்தை சுத்தி 3 அடிக்கு சிமெண்ட் தளம் வெளிப்பக்கம் சரிவா போடுங்க, சுத்துச்சுவர் ரெண்டரை அடிக்கு குறையாம இருக்கட்டும், துவைகல் கிணத்தோரம் இருந்தா தூக்கி தள்ளிப் போடுங்க. துவைச்ச தண்ணில குழந்தைத் துணியும் இருக்கும்ங்கிறதை யாரும் நினைக்கிறதே இல்ல.

அப்புறம் செப்டிக் டேங்க். நம்ம ஊர்ல செப்டிக் டேங்க்னு சொல்றதுல நிறைய வெறும் உறை இறக்கின குழிதான், அடியில தளமே கிடையாது, "எங்க டேங்க் இருபது வருஷமா ரொம்பினதே இல்ல"ன்னு பெருமையா சொல்லுவாங்க, ரொம்பலைன்னா அது எங்க போகுதுன்னு யோசிக்கணும் இல்லையா. கிணத்துக்கும் குழிக்கும் குறைஞ்சது 50 அடி வேணும், குழி மேட்டுலயும் கிணறு பள்ளத்துலயும் இருந்தா இன்னும் கூட வேணும். உங்க குழி மட்டுமில்ல, பக்கத்து வீட்டுக் குழியையும் அளந்து பாருங்க.

இதெல்லாம் முடிஞ்சப்புறம்தான் இறைச்சு சுத்தம் பண்றது. ஆளை இறக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன், இதை விளையாட்டா எடுத்துக்காதீங்க. ரொம்ப நாள் மூடிக் கிடந்த கிணத்துல ஆக்ஸிஜன் குறைஞ்சு போயிருக்கலாம், இறங்கினவன் மயங்கி விழ, காப்பாத்த இறங்கினவனும் சேந்து போன செய்தியை வருஷா வருஷம் படிக்கிறோம். டீசல் என்ஜினை கிணத்துக்குள்ள இறக்கி ஓட்டவே கூடாது, அதோட புகையில இருக்கிற கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனையே கிடையாது. விளக்கை இறக்கிப் பாத்தோம் அணையலைன்னு சொல்றதையும் நம்பாதீங்க, விளக்கு அணையாமலே விஷவாயு இருக்கலாம். தெரிஞ்ச ஆளா, இடுப்புல கயிறு கட்டி, மேல ரெண்டு பேர் பிடிச்சுட்டு நிக்கணும். சந்தேகம் இருந்தா ஆளே இறங்க வேண்டாம், மேல இருந்தே சேறோட பம்ப் வச்சு எடுங்க.

இப்ப கணக்கு. கிணத்து விட்டத்தை மீட்டர்ல அளந்து அதை அதாலயே பெருக்கி, தண்ணி ஆழத்தால பெருக்கி, 785ஆல பெருக்குங்க, வர்றது லிட்டர். 8 அடி விட்டம், 10 அடி தண்ணின்னா சுமாரா 14,200 லிட்டர். இந்த மாதிரி கெட்டுப்போன கிணத்துக்கு ஒரே தடவை போடுற பெரிய டோஸ், 1000 லிட்டருக்கு 150 கிராம் புது பவுடர், அப்ப உங்களுக்கு சுமாரா 2 கிலோ. மூட்டை 25 கிலோன்னா பன்னெண்டு மடங்கு ஆயிடுது, அதுல இருக்கிற சுண்ணாம்பு எல்லாம் அடியில போய் தங்கி தண்ணி உப்பும் கடினமுமா மாறி, பருப்பு வேகலைன்னு அடுத்த கடிதம் எழுதுவீங்க. பவுடர் புதுசா பாருங்க, நல்ல பவுடர்ல குளோரின் 33 சதவீதம் வரைக்கும் இருக்கும், திறந்து வச்சு ஈரம் ஏறி கட்டிதட்டிப் போனதுல பாதிகூட இருக்காது.

நேரா கிணத்துல வீசாதீங்க. பிளாஸ்டிக் வாளில கொஞ்சம் கொஞ்சமா, ஒரு வாளிக்கு 100 கிராமுக்கு மேல போகாம, மொதல்ல தோசை மாவு பதத்துக்கு குழைச்சு, அப்புறம் முக்கால் வாளி தண்ணி ஊத்தி கலக்கி பத்து நிமிஷம் விடுங்க, சுண்ணாம்பு அடியில படிஞ்சிடும், மேல இருக்கிற தெளிவை மட்டும் இன்னொரு வாளில இறுத்து, அந்த வாளியை கயித்துல இறக்கி தண்ணிக்குள்ள மேலயும் கீழயும் நாலு ஆட்டு ஆட்டி கலந்துவிடுங்க. 2 கிலோவுக்கு இருபது வாளி ஆகும், அலுப்புதான். மூக்குல துணி, கையில உறை. டாய்லெட் கழுவுற ஆசிட் பட்ட வாளியை மட்டும் எடுத்துடாதீங்க, ரெண்டும் சேந்தா குளோரின் வாயு கிளம்பும், நுரையீரலை பிடிச்சிடும்.

சாயங்காலம் வீட்டு வேலை எல்லாம் முடிஞ்சப்புறம் போடுங்க. போட்டுட்டு மோட்டாரை ஓட்டி மேல் டேங்க்ல ஏத்தி, ஒவ்வொரு குழாயையும் குளோரின் வாசனை வர்ற வரைக்கும் திறந்துவிட்டு மூடுங்க, இதை விட்டுட்டா கிணறு சுத்தமாகி பைப்புல இருக்கிற கிருமி திரும்ப வந்துடும். ராத்திரி பூரா, 12 மணி நேரமாவது அப்படியே இருக்கட்டும். மறுநாள் வாசனை போற வரைக்கும் இறைச்சு வெளிய விடுங்க, செடிக்கும் வேண்டாம், மீன் இருக்கிற குளத்துப் பக்கமும் வேண்டாம், செப்டிக் டேங்க்லயும் விடாதீங்க. ஒரு வாரம் பத்து நாள் கழிச்சு மறுபடி டெஸ்ட், அது வர்ற வரைக்கும் கொதிக்க வச்ச தண்ணிதான். அந்த டெஸ்ட் நல்லா வந்து, அடுத்த மழைக்கு அப்புறம் எடுக்கிற டெஸ்ட்டும் நல்லா வந்தாதான் வழி அடைபட்டுச்சுன்னு நான் ஒத்துக்குவேன்.

கேள்வி: எங்க வீட்டு போர் 120 அடி, தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும், டிடிஎஸ் 380தான். சும்மா ஒரு சந்தேகத்துக்கு சமையல்கட்டு குழாய் தண்ணியை டெஸ்ட் பண்ணா கோலிஃபார்ம் இருக்காம். போர்ல எப்படி சார் பாக்டீரியா வரும்? கம்பெனிக்காரர் ஆர்.ஓ மாட்டினா சரியாயிடும்ங்கிறார், மாட்டவா?
(வாசகர், மேடவாக்கம்)

பதில்: போர்ல இருந்துதான் வருதுன்னு யார் தம்பி சொன்னது? நீங்க எடுத்தது சமையல்கட்டு குழாய்ல. நடுவுல சம்ப் இருக்கு, மேல் டேங்க் இருக்கு, பைப் இருக்கு. போர்ல நேரா ஒரு சாம்பிள், சம்ப்ல ஒண்ணு, குழாய்ல ஒண்ணுன்னு மூணா குடுங்க, எங்க ஆரம்பிக்குதுன்னு தெரிஞ்சிடும்.

என் பந்தயம் சம்ப் மேலதான். உங்க பக்கம் நிறைய வீட்டுல சம்ப் மூடி தரை மட்டத்துல, கார் நிறுத்துற இடத்துல இருக்கும், நாய் படுக்கும், மழைத்தண்ணி நிக்கும், அந்த தண்ணி மூடி இடுக்கு வழியா உள்ள இறங்கும். மூடியை அரை அடி தூக்கிக் கட்டுங்க. மேல் டேங்க் ஓவர்ஃபுளோ பைப்புல கொசுவலை இருக்கான்னு பாருங்க, பல்லி, புறா எச்சம் எல்லாம் அந்த வழிதான். போர்லயே இருந்தா கேசிங் பைப்பை, அதாவது போர் குழிக்கு உள்ள இறக்கின வெளி பைப்பை பாருங்க, தரைக்குக் கீழ ஒரு குழிக்குள்ள வெட்டி விட்டிருப்பாங்க, மழைக்கு அந்தக் குழி ரொம்பி நேரா உள்ள போகும். கேசிங் தரைக்கு மேல ஒண்ணரை அடி நிக்கணும், தலைல இறுக்கமா மூடி, சுத்தி சிமெண்ட் தளம்.

போர்ல மருந்து போடணும்னா ரொம்ப கம்மிதான் வேணும். 6 இஞ்ச் போர்ல ஒரு அடி தண்ணிக்கு அஞ்சரை லிட்டர்தான் பிடிக்கும், 65 அடி தண்ணி நிக்குதுன்னா 360 லிட்டர், 55 கிராம் பவுடர் போதும். தெளிவை இறுத்து கேசிங் வழியா ஊத்தி, முன்ன சொன்ன மாதிரி குழாய் வரைக்கும் கொண்டுவந்து ராத்திரி விட்டுடுங்க.

ஆர்.ஓ விஷயம். அது உப்பை எடுக்கிற மிஷின், உங்க டிடிஎஸ், அதாவது தண்ணில கரைஞ்சிருக்கிற உப்போட அளவு, 380, தரத்துல 500 வரைக்கும் தாராளமா சரின்னு இருக்கு, எதுக்கு உப்பை எடுத்துட்டு பாதி தண்ணியை சாக்கடைல விடணும்? சவ்வு பாக்டீரியாவையும் பிடிக்கும்தான், ஆனா வடிகட்டின தண்ணி அந்த மிஷினுக்குள்ள இருக்கிற டப்பால நாள் கணக்கா நிக்குதே, அங்க திரும்ப வளரும். உங்களுக்கு யூ.வி, அதாவது புற ஊதா வெளிச்சத்தால கிருமியைக் கொல்ற மிஷின் போதும். தண்ணி தெளிவா இருந்தாதான் யூ.வி வேலை செய்யும், கலங்கினா வெளிச்சம் கிருமி மேல படாது. பல்பு எரியுதேன்னு வருஷக்கணக்கா ஓட்டாதீங்க, எரிஞ்சாலும் சக்தி குறைஞ்சுடும், வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும். கம்பெனிக்காரர் கோவிச்சுக்கட்டும் பரவாயில்ல.

கேள்வி: எங்க மாமனார் கிணத்துல பொட்டாசியம் பெர்மாங்கனேட்தான் போடச் சொல்றார். மாமியார் நெல்லிக்கட்டை போட்டா போதும்ங்கிறாங்க. எனக்கு செப்புக்குடம் வாங்கலாம்னு இருக்கு. யார் சொல்றது சரி?
(வாசகி, மணப்பாறை)

பதில்: வீட்டுல சண்டை மூட்டி விடறீங்களே. பெர்மாங்கனேட் காலரா காலத்துப் பழக்கம், வெள்ளைக்காரன் ஆட்சியில கிணறு கிணறா போட்டாங்க, தண்ணி ரோஸ் கலராகும், மனசுக்கு திருப்தியா இருக்கும், மத்த கிருமிகளுக்கு அது நம்பகமான மருந்து இல்ல, மாமனார்கிட்ட பக்குவமா சொல்லுங்க. நெல்லிக்கட்டை ருசிக்கு போடுறாங்க, போடட்டும், கிருமியை கொல்லும்னு கணக்குல சேக்காதீங்க. தேத்தாங்கொட்டை, படிகாரம் ரெண்டும் கலங்கலை தெளிய வைக்கும், தெளிஞ்ச தண்ணி சுத்தமான தண்ணி ஆயிடாது, ஆனா கலங்கலை எடுத்துட்டு குளோரின் போட்டா குளோரின் நல்லா வேலை செய்யும்.

செப்புக்குடம் உண்மையிலேயே கொஞ்சம் வேலை செய்யுது. வயித்துப்போக்கு கிருமிகளை தண்ணில கலந்து செப்புப் பாத்திரத்துல 16 மணி நேரம் வச்சுப் பாத்து, ஒண்ணும் மிஞ்சலைன்னு பெங்களூர் ஆராய்ச்சியாளர்கள் 2012ல எழுதியிருக்காங்க. கவனிங்க, 16 மணி நேரம். காலைல ஊத்தி மத்தியானம் குடிக்கிறதுக்கு இல்ல. வாங்கிக்கோங்க, ஆனா சாக்கடை கலக்கிற கிணத்துக்கு அதை நம்பாதீங்க.

கேள்வி: வணக்கம் சேர். எங்கட வளவு சின்னன். கிணத்துக்கும் மலசலகூடக் குழிக்கும் நடுவில 30 அடியும் வராது, பக்கத்து வீட்டுக் குழி இன்னும் கிட்ட. பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து தண்ணி எடுத்துக்கொண்டு போய்ப் பாத்திட்டு, கொதிக்க வைச்சுக் குடியுங்கோ எண்டு சொல்லிப்போட்டுப் போனவர். கிணத்தை இன்னும் ஆழமாக்கினால் சரிவருமோ?
(வாசகர், கோண்டாவில், யாழ்ப்பாணம்)

பதில்: ஐயா, ஆழமாக்காதீங்க. யாழ்ப்பாணத்துல நல்ல தண்ணி உப்புத் தண்ணிக்கு மேல மிதந்துட்டுதான் நிக்குது, ஆழமா போனா உப்பு வர்றதுக்குதான் வாய்ப்பு, கிருமி குறையாது.

மேல ஏரல்காரங்களுக்கு 50 அடின்னு சொன்னேனே, அந்தக் கணக்கை உங்களுக்கு அப்படியே சொல்ல முடியாது. மணல்ல தண்ணி மெதுவா ஊறி வடிகட்டிப் போகும். உங்க மண்ணு மேல மெலிசா இருக்கு, கீழ சுண்ணாம்புக் கல்லு, அதுல வெடிப்பும் பொந்தும், குழில இருந்து இறங்கினது வடியாமலே வெடிப்பு வழியா ஓடி வந்துடும். அதனால தூரத்தை நம்பறதைவிட குழியைத்தான் மாத்தணும், அடியும் பக்கமும் பூசி அடைச்ச தொட்டியா கட்டி, ரொம்பினா கலி பவுசரை, அதாவது மலக்கழிவு உறிஞ்சுற லாரியைக் கூப்பிட்டு எடுக்கிற ஏற்பாடு. நீங்க மட்டும் கட்டினா பாதிதான், பக்கத்து வீட்டுக்காரரும் கட்டணும், அவர் கிணத்துக்கு உங்க குழி எவ்வளவு கிட்டன்னு அளந்து காட்டுங்க, பேச்சு சுலபமா முடியும்.

அது வரைக்கும் தொடர்ந்து குளோரின் வேணும். வாரா வாரம் கலக்க முடியலைன்னா ரெட்டைப் பானை முறை இருக்கு, நாக்பூர்ல இருக்கிற நீரிங்கிற தேசிய சுற்றுச்சூழல் ஆராய்ச்சி நிறுவனம் சொன்னது. ஒரு கிலோ பிளீச்சிங் பவுடரை 2 கிலோ பருமணலோட லேசா ஈரமாக்கிக் கலந்து, பக்கத்துல ஒரு சென்டிமீட்டர் ஓட்டை போட்ட மண்பானைல ஓட்டைக்கு கொஞ்சம் கீழ வரைக்கும் நிரப்பி, அதை இன்னொரு ஓட்டைப் பானைக்குள்ள வச்சு வாயை பாலித்தீன்ல கட்டி, தண்ணி மட்டத்துக்கு 3 அடி கீழ தொங்க விடறது, குளோரின் மெல்ல மெல்ல கசியும். 4500 லிட்டர் அளவு வீட்டுக் கிணத்துக்கு ரெண்டு மூணு வாரம் வரும். உங்க கிணத்துல அதைவிட தண்ணி கூடுதல்னா பத்தாது.

முக்கியமானது ஒண்ணு, நைட்ரேட்டையும் பரிசோதிக்கச் சொல்லுங்க. மலக்குழியும் தோட்டத்து உரமும் சேந்தா அது ஏறும், உலக சுகாதார நிறுவனத்தோட வரம்பு லிட்டருக்கு 50 மில்லிகிராம். கொதிக்க வச்சா கிருமி சாகும், நைட்ரேட் போகாது, தண்ணி வத்த வத்த இன்னும் அடர்த்தியாகும். வீட்டுல புட்டிப்பால் குடிக்கிற கைக்குழந்தை இருந்தா, அளவு கூடுதலா வந்தா அந்த தண்ணில பால்மா கரைக்காதீங்க, குழந்தை உடம்பு நீலம் பாரிக்கிற அளவுக்குப் போகலாம்.

கேள்வி: டெஸ்ட்டுக்கு எங்க குடுக்கிறது, எப்படி எடுக்கிறது? வாட்டர் பாட்டில்ல பிடிச்சு குடுத்தா வாங்க மாட்டேங்கிறாங்க.
(வாசகர், திண்டுக்கல்)

பதில்: வாங்காதது நல்ல லேப். நம்ம மாநிலத்துல குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட லேப் இருக்கு, சென்னைன்னா கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் இருக்கு. போய் கிருமி பரிசோதனைக்குன்னு சொல்லி அவங்க பாட்டிலையே வாங்குங்க, உப்பு, கடினம் பாக்கிற டெஸ்ட் வேற, இது வேற, கவுண்டர்ல தெளிவா சொல்லலைன்னா மத்ததை மட்டும் பாத்து குடுத்துடுவாங்க. குழாய் வாயைத் துடைச்சு, ரெண்டு மூணு நிமிஷம் தண்ணியை ஓடவிட்டு, பாட்டில் வாயிலயும் மூடி உள்பக்கமும் விரல் படாம பிடிங்க, கழுத்து வரைக்கும் ரொப்ப வேண்டாம். ஐஸ் போட்ட டப்பால வச்சு 6 மணி நேரத்துக்குள்ள சேத்துடுங்க, எப்படியும் ஒரு நாள் தாண்டக்கூடாது. பவுடர் போட்ட மறுநாளே எடுத்துட்டு வந்து "நல்லா இருக்குன்னு எழுதிக் குடுங்க"ன்னு நிக்கறவங்களை நிறைய பாத்திருக்கேன், குளோரின் இருக்கிற தண்ணில என்ன வளரும்.

லேப் தூரம்னா வீட்டுலயே மலக்கலப்பு பாக்கிற ஹெச்2எஸ் பாட்டில் வாங்குங்க. குவாலியர் பாதுகாப்பு ஆராய்ச்சி லேப்காரங்க 1982ல வெளியிட்ட முறை, தண்ணியை ஊத்தி ஒண்ணு ரெண்டு நாள் வச்சா, கறுத்துட்டா மலக்கலப்பு இருக்க வாய்ப்பு அதிகம். கறுக்கலைன்னா உடனே கொண்டாடிடாதீங்க, மழைக்கு அப்புறம் இன்னொரு தடவை பாருங்க.

கேள்வி: மகள் தலைப்பிரசவத்துக்கு அடுத்த மாசம் வர்றா. எங்க கிணத்து தண்ணி நாங்க காலங்காலமா குடிக்கிறதுதான், ஒண்ணும் பண்ணினதில்ல. அவளுக்கும் குடுக்கலாமா?
(வாசகி, மன்னார்குடி)

பதில்: உங்களுக்கு ஒண்ணும் பண்ணலைங்கிறதை வச்சு அவளுக்குக் குடுக்காதீங்கம்மா. அழுக்குத் தண்ணில வர்ற ஹெபடைடிஸ் ஈ மஞ்சள் காமாலை மத்தவங்களுக்கு பெரும்பாலும் தானா சரியாயிடும், கர்ப்பிணிகளுக்கு, அதுவும் கடைசி மூணு மாசத்துல வந்தா உயிருக்கே ஆபத்தாகலாம். டெஸ்ட் நல்லா வந்திருந்தாலும் கொதிக்க வச்சே குடுங்க. தளதளன்னு கொதி வந்து ஒரு நிமிஷம் ஆனா போதும், கால் மணி நேரம் கேஸை செலவழிக்க வேண்டாம். ஆற வைக்கிறேன்னு பச்சைத்தண்ணியை கலக்கிடாதீங்க, இதை எத்தனை வீட்டுல செய்யறாங்க தெரியுமா. மூடி போட்ட, குழாய் வச்ச பாத்திரத்துல ஊத்தி வைங்க, சொம்பை கையோட முக்கி எடுத்தா கொதிக்க வச்சதே வீண். அவ பல் தேய்ச்சு கொப்பளிக்கிறதுக்கும் பழம் கழுவுறதுக்கும்கூட அந்த தண்ணிதான். கண்ணோ சிறுநீரோ மஞ்சளா தெரிஞ்சா கீழாநெல்லி அரைச்சுக் குடுத்துட்டு ரெண்டு நாள் பாப்போம்னு உக்காந்துடாம அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போங்க.